பத்துக்குப் பூஜ்யம்

மூன்று கடிதங்கள். மூன்றும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மசி, நான்காக மடித்த ஒரே மாதிரி கோடு போட்ட தாள். வாரத்துக்கு ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன.

கண்காணிப்பு அதிகாரி அவற்றை மேஜைமேல் சீட்டு மாதிரி பரப்பி வைத்துவிட்டு வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். எந்தக் கோப்பைப் போட்டாலும் சலித்துக் கல்லைத் தனியாக எடுத்துவிடுவார் என்று இளவயதில் வைத்த பெயர். இப்போதெல்லாம் அவருக்கே எல்லாம் சலித்துவிட்டது என்று அதற்குப் புதுப்பொருள் சொல்லிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்திருந்தது. மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

எதிரே அவருடைய உதவியாளர். முப்பத்தைந்து வயது, கையில் சுருக்கெழுத்து நோட்டு. முற்றுப்புள்ளி வைக்காமல் பேசுவதால் அவளுக்குக் கமா என்று பெயர்.

"படி," என்றார் சல்லடை.

"'மறதி நோய் ஆராய்ச்சி மையத்தார் அச்சிட்டுள்ள துண்டுப் பிரசுரத்தில் முப்பத்தொன்றாம் எண் நோயாளிக்கு நினைவு திரும்புவதாகக் கூறியிருப்பது பொய். அவருடைய மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு உயரவே இல்லை. அரசு நிதியை நீட்டிப்பதற்கு முன் விசாரிக்கவும். இதற்கு முன் நான் யார்மீதும் புகார் எழுதியதில்லை.' அவ்வளவுதான் சார், பேர் இல்ல, முகவரி இல்ல, ஆனா ஒரு ஒற்றுப்பிழைகூட இல்ல, நம்ம ஆபீஸ் சுற்றறிக்கையைவிட நல்லா இருக்கு..."

"மத்த ரெண்டும்?"

"அதே வாசகம் சார். மூணாவதுல மட்டும் அவசரம் போல, எழுத்துப்பிழை இருக்கு. மூணுலயும் 'இதற்கு முன் எழுதியதில்லை'ன்னு சத்தியம் வேற. என் தம்பி சிகரெட்டை விடற மாதிரி, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை."

சல்லடை சிரிக்கவில்லை. அவருக்குக் காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. அந்த மையத்துக்கு அரசு நான்கு வருடமாக ஆராய்ச்சி நிதி கொடுத்துவருகிறது. நாளை மறுநாள் நிதிக்குழு கூடுகிறது. புதிய மாத்திரை ஒன்று மறதி நோயைப் பின்னோக்கி நடக்க வைக்கிறது என்று மையம் சொல்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் பெரிய சாட்சி முப்பத்தொன்றாம் எண். அது பொய்யென்றால் நிதி நின்றுவிடும். நிதி நின்றால், தினமும் காலையிலிருந்து மாலைவரை அந்த மையத்தின் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்பது நோயாளிகளும் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"உண்மையா பொய்யான்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க," என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். முப்பத்துமூன்று வருட வேலையில் சல்லடை பார்த்த எந்த விஷயமும் ஒரே பக்கத்தில் அடங்கியதில்லை.

---

மையம் ஒரு பழைய தொலைபேசி நிலையக் கட்டடத்தில் இருந்தது. கூடத்தில் நாற்பது நாற்காலிகள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு எண் குத்தியிருந்தது. ஒருவர் காலி டம்ளரை ஊதி ஊதிக் குடித்தார். இன்னொருவர் சுவரில் இல்லாத சுவிட்சைத் தேடித் தடவினார். வாசலுக்கு உள்ளே தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"இது எதுக்கு?" என்றாள் கமா.

"சொந்தக்காரங்க இதைத் தாண்டக் கூடாது," என்றார் மையத்தின் இயக்குநர். ஐம்பதை நெருங்கும் பெண் மருத்துவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பக்கத்துல உக்காந்தா பதிலைச் சொல்லிக் குடுத்துடறாங்க. பாசம்தான். ஆனா சோதனை கெட்டுடுது."

அவருடைய அறையில் கோப்புகள் நாற்காலிகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. சல்லடை நின்றுகொண்டே கேட்டார்.

"முப்பத்தொண்ணோட மதிப்பெண்ணை யாராவது திருத்தியிருக்க முடியுமா?"

இயக்குநர் கோபப்படவில்லை. அதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். "அசல் தாள். எட்டும் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு சோதனை, ரெண்டு வருஷம். குறி போடறது நோயாளியே. நாங்க எண்ணிக் கணக்குல ஏத்தறதோட சரி."

சோதனை எளிமையானது. நோயாளிக்குப் பத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். அரைமணி கழித்து ஒரு தாள் தருவார்கள். அதில் பத்து ஜோடிப் படங்கள். குடையும் சாவியும். படகும் ஏணியும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முன்பு பார்த்தது, மற்றது புதிது. பார்த்ததை வட்டமிட வேண்டும்.

சல்லடை எட்டுத் தாள்களையும் வரிசையாக வைத்தார். முதல் ஆறு தாள்களில் பூஜ்யம். ஏழாவதில் இரண்டு. எட்டாவதில் ஐந்து. திருத்தல் இல்லை, சுரண்டல் இல்லை, வேறு மசி இல்லை. எல்லாத் தாளிலும் வட்டங்கள் ஒரே கையால் போட்டவை. ஒவ்வொரு வட்டத்துக்கும் வலது பக்கம் ஒரு சின்ன வால் வளைந்து தொங்கியது.

"கை நடுங்குது போல," என்றார் சல்லடை.

கமா குனிந்து பார்த்தாள். "நடுக்கமில்ல சார். எண்பது வாலும் ஒரே அளவு. எனக்கு இந்த வாலைத் தெரியும், இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அச்சகத்துல எழுத்து கோத்தேன்ல, தினமும் இந்த வாலைப் பாத்துதான் கண்ணு கெட்டுச்சு. வட்டம் போட்டு வால் இழுத்தா, 'இதை நீக்கு'ன்னு அர்த்தம். பிழைதிருத்தறவங்க போடற குறி."

சொல்லிக்கொண்டே தன் பையிலிருந்து இரண்டாவது கடிதத்தை எடுத்தாள். அதில் 'பொய்' என்ற சொல் தவறி இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது 'பொய்'யைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்கு வால்.

சல்லடை இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப முப்பத்தொண்ணைப் பத்திப் புகார் எழுதினது முப்பத்தொண்ணேதான்."

"தன்மேலயே மொட்டைக் கடிதம் சார். உலகத்துலயே முதல் ஆளா இருக்கும்."

இயக்குநர் தலையை அசைத்தார். "வாய்ப்பே இல்ல. ஆறு தடவை தொடர்ந்து பூஜ்யம் வாங்கினவர் அவர். இந்தக் கூடத்துலயே ரொம்ப முத்தின கேஸ். அவரால ஒரு வரி கோர்வையா எழுத முடியாது."

"மத்தவங்க எவ்வளவு வாங்கறாங்க?" என்றார் சல்லடை.

"நாலு, அஞ்சு, ஆறு. அங்கேயேதான் சுத்திக்கிட்டிருக்கும்."

சல்லடை ஒரு நாணயத்தை எடுத்துக் கமாவிடம் நீட்டினார். "பத்து தடவை சுண்டு. ஒவ்வொரு தடவையும் பூவா தலையான்னு முன்னாடியே சொல்லு."

கமா சுண்டினாள். ஆறு சரி, நான்கு தப்பு.

"உனக்கு அதிர்ஷ்டமும் இல்ல, ஞானதிருஷ்டியும் இல்ல. இருந்தும் ஆறு கிடைச்சுது," என்றார் சல்லடை. "சுத்தமா மறந்துபோன ஆளுக்கும் குருட்டாம்போக்குல பாதி சரியா வந்துடும். பத்துக்குப் பத்தும் தப்பு, அதுவும் ஆறு தடவை தொடர்ந்து வரணும்னா, எது சரின்னு அத்தனைக்கும் தெரிஞ்சிருக்கணும். பத்துக்குப் பூஜ்யம் வாங்கறது பத்துக்குப் பத்து வாங்கற மாதிரிதான். டாக்டர், உங்க கூடத்துலயே நல்ல ஞாபகசக்தி உள்ள ஆள் அவர்."

இயக்குநர் ஒரு கோப்புக் குவியலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"நடிச்சாரா?"

"நடிச்சிருக்கார்."

"அப்ப ரெண்டும் அஞ்சும்? மதிப்பெண் ஏறிச்சே?"

"ரெண்டு வருஷம் நடிச்சா அலுத்துப்போகும்ல," என்றார் சல்லடை. எதைக் கேட்டாலும் இப்போதெல்லாம் முதலில் நாக்கில் வருவது அந்தச் சொல்தான். அது தப்பான விடை என்று தெரிய அவருக்கு இன்னும் இருபது நிமிடம் தேவைப்பட்டது.

---

முப்பத்தொன்று கூடத்தின் ஓரத்தில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். சட்டைப்பையில் மூடி போட்ட நீலப் பேனா. அவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பெண்மணி. அவர் சேலையில் குத்தியிருந்த எண் முப்பது.

"வண்டி வந்துருச்சா?" என்றார் அந்த அம்மாள், கமாவைப் பார்த்து.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றார் முப்பத்தொன்று உடனே. அந்த அம்மாள் சமாதானமாகி ஜன்னலைப் பார்த்தார்.

சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, எத்தனை வருஷம் பிழைதிருத்துற வேலை பாத்தீங்க?"

பெரியவரின் முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. தொங்கிக்கொண்டிருந்த வாய் இறுகியது. கண் கூர்மையானது. அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தெட்டு வருஷம். எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

"வட்டத்துக்கு வால் இருந்துச்சு," என்றாள் கமா.

"சே! கை பழகிப்போச்சு." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு, பிடிபட்டதில் ஒரு நிம்மதி போல, முதுகை நாற்காலியில் சாய்த்தார். "இவ என் வீட்டுக்காரி. நாலு வருஷமா இப்படி. முதல் நாள் இவளை உள்ள விட்டுட்டு அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். நான் கண்ணுக்குத் தெரியலன்னதும் ஒரே கத்தல். டம்ளரைத் தூக்கி வீசிட்டா. இன்னொரு நாள் இப்படின்னா சேத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுலயும் வெச்சுக்க முடியல. ரெண்டு தடவை அடுப்பைப் பத்தவெச்சுட்டு மறந்துட்டா. என்ன பண்ணச் சொல்றீங்க? அடுத்த வாரம் நானே நோயாளி வரிசையில போய் நின்னுட்டேன்."

"வீட்டாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணுமே?"

"மக போட்டா. வெளியூர்ல இருக்கா, ரெண்டு படிவத்தைத் தபால்ல அனுப்பினேன். அம்மாவுக்குத்தான்னு நினைச்சு ரெண்டுலயும் போட்டுட்டா. படிக்காம கையெழுத்துப் போடறவங்க இருக்கறதாலதான் சார் எனக்கு முப்பத்தெட்டு வருஷம் வேலை இருந்துச்சு."

கமா சிரித்துவிட்டாள். சல்லடை அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு வருஷமா அரசாங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய்யா? நானா?" பெரியவருக்கு ரோஷம் வந்தது. "தாளைப் பாத்தீங்கல்ல? ஒவ்வொரு ஜோடியிலயும் எது இருக்கக் கூடாத படமோ, அதைக் கண்டுபிடிச்சு நீக்கல் குறி போட்டேன். அது என் தொழில். அவங்க அதை விடைன்னு படிச்சுக்கிட்டா நான் பொறுப்பா?"

"சரி. மொட்டைக் கடிதம் எதுக்கு?"

பெரியவர் சட்டைப்பையிலிருந்து துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பிரித்தார். முப்பத்தொன்றாம் எண்ணின் மதிப்பெண் ஐந்து என்று தடித்த எழுத்தில் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதனாலதான். நான் நடிக்கறது எனக்கும் இவளுக்கும் நடுவுல இருக்கற விஷயம். ஆனா இது அச்சுல ஏறிடுச்சு. அச்சுல ஏறின தப்பை நான் விட்டதில்ல சார். போன மாசமும் பத்தும் தப்பாத்தான் குறிச்சேன். ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துக் குறிச்சேன். இவங்க அஞ்சு சரின்னு போட்டுக்கிட்டாங்க. இதை நம்பி இங்க இருக்கற குடும்பமெல்லாம் மாத்திரை, மாத்திரைன்னு தவம் கிடக்குது. அந்த மூலையில உக்காந்திருக்காரே, அவரோட மருமக தினமும் என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறா."

"போன மாசம் பத்தும் தப்பு," என்றார் சல்லடை மெதுவாக.

"பத்தும்."

சல்லடையின் மடியில் எட்டாவது தாள் இருந்தது. ஐந்து சரி, ஐந்து தப்பு. பத்து வட்டம், பத்து வால். ஒரு குறியைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

அவர் நிமிர்ந்து கமாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடிவிட்டிருந்தாள்.

பூஜ்யத்துக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வந்தபோது கொஞ்சம் தெரியாமல் போயிருந்தது. ஐந்து வந்தபோது, நாணயம் சுண்டுவதற்கும் அவர் குறிப்பதற்கும் வித்தியாசமே இல்லை. மாத்திரையால் தேறிக்கொண்டு வருகிறார் என்று மையம் கொண்டாடிய அதே ஏணியில் இந்த மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார்.

போதும், எழுந்துவிடலாம் என்று தோன்றியது சல்லடைக்கு. நடிப்பு நிரூபணமாகிவிட்டது. ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். மீதியை யாராவது, என்றைக்காவது சொல்லிக்கொள்ளட்டும். அவர் முழங்காலில் கையை ஊன்றினார்.

"என் கடிதம் கிடைச்சுதுல்ல?" என்றார் பெரியவர். "ஒண்ணே ஒண்ணுதான் எழுதினேன். புகார் எழுதி எனக்குப் பழக்கமில்ல. அதைச் சரியா படிச்சாங்களா? கொண்டுவந்திருக்கீங்களா?"

அவர் கை நீட்டியது சல்லடையின் மடியில் இருந்த உறையை நோக்கி. மேலாக இருந்தது மூன்றாவது கடிதம். தடுத்திருக்கலாம். ஒரு விநாடி தாமதித்துவிட்டார்.

பெரியவர் தாளைப் பிரித்துக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டு வரி படித்தார். முகம் சுளித்தது.

"யாருய்யா எழுதினது இதை? 'நோயாலி'யாம்! ல-வுக்கும் ள-வுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் அரசாங்கத்துக்கு எழுத வந்துட்டான்." பேனா மூடியைக் கழற்றினார். ல-வை வட்டமிட்டு, ஓரத்தில் ள போட்டார். 'மதிபெண்'ணுக்கு ஒரு ப் செருகினார். ஒரே வாக்கியம் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டு வாலை இழுத்தார். "இதுக்கெல்லாம் என் காலத்துல சம்பளத்துல பிடிப்பாங்க..."

பேனா நின்றது.

தான் போட்ட ள-வைப் பார்த்தார். பக்கத்து வரியில் இருந்த இன்னொரு ள-வைப் பார்த்தார். இரண்டிலும் சுழி ஒரே மாதிரி வளைந்திருந்தது. தேதியைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முதல் வரிக்கு வந்தார்.

"வண்டி வந்துருச்சா?" என்றார் அவருடைய மனைவி.

பெரியவர் இன்னும் அந்த வரியிலேயே இருந்தார். அந்த அம்மாளின் பிடி இறுகியது. "வண்டி வந்துருச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம்மா," என்றாள் கமா.

பெரியவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "எத்தனை வந்துது, கடிதம்?"

"மூணு," என்றார் சல்லடை.

"எட்டாவது தாளைக் குடுங்க."

சல்லடை கொடுத்தார். அவர் ஜோடி ஜோடியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். முடித்ததும் தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப அவங்க திருத்தல."

"இல்ல ஐயா."

"நான்தான் அவங்களை அநியாயமா சொல்லிட்டேன்." மனைவியின் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பதான் சார் இந்த நாற்காலியில உக்கார எனக்குத் தகுதி வந்திருக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இவகிட்ட சொல்லாதீங்க. சொன்னாலும் பத்து நிமிஷத்துல மறந்துடுவா. ஆனா அந்தப் பத்து நிமிஷம் இருக்குல்ல..."

---

இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாத்திரை சாப்பிட்டவங்க பன்னண்டு பேர். பதினோரு பேருக்கு ஒரு மாற்றமும் இல்ல. சராசரியைத் தூக்கினது இவர் ஒருத்தர்தான். அப்ப மாத்திரை ஒண்ணும் செய்யல."

"சேக்கும்போது நடிப்புன்னு தெரியலையா?" என்றார் சல்லடை. "பூஜ்யம் வந்தப்பவாவது?"

"ஸ்கேன் மெஷின் இருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். கணக்கு பாக்க ஒரு புள்ளியியல் ஆள் இருந்தா, நீங்க நாணயம் சுண்டிக் காட்டினதை அவர் மூணாவது மாசமே சொல்லியிருப்பார். எனக்கு வர்றது மொத்த எண் மட்டும்தான் சார். காலையில நோயாளி, சாயங்காலம் கோப்பு. இந்த மதிப்பெண்ணைப் பாத்ததும் நானும் நம்ப ஆசைப்பட்டுட்டேன். அது என் தப்பு."

"ரெண்டையும் அரசாங்கத்துகிட்ட கேட்டிருக்க வேண்டியதுதானே?" என்றாள் கமா.

இயக்குநர் எழுந்துபோய் ஒரு கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினார். நான்கு வருடத்துக்கு முந்தைய ஆணை. ஸ்கேன் கருவி, புள்ளியியலாளர் பதவி, இரண்டுக்கும் நேரே ஒரே வரி: 'தவிர்க்கத்தக்க செலவு. நீக்கலாம்.' கீழே ஒரு கையெழுத்து.

கமா அதைப் பார்த்தாள். தினமும் இருபது தடவை பார்க்கிற கையெழுத்து அது. அவள் கோப்பை மூடப் போனாள். சல்லடை விரலை நடுவில் வைத்தார்.

அப்போது அவர் செலவுக் குறைப்புப் பிரிவில் இருந்தார். அந்த மாதம் இருநூறுக்கு மேல் கோப்புகள். இந்தக் கோப்பு அவருக்கு நினைவிலேயே இல்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பேனாவால் இதை எழுதினார் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

---

மாலை அலுவலகத்தில் பெரும்பாலான மேஜைகள் காலியாகிவிட்டன. சல்லடை சொல்லச் சொல்லக் கமா எழுதினாள். மதிப்பெண் திருத்தப்படவில்லை. மாத்திரைக்குப் பலன் இல்லை. முப்பத்தொன்றாம் எண் சேரும்போது நோயாளி அல்ல, இப்போது நோயாளி. மஞ்சள் கோடு இல்லாமல் துணைவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால் அவர் நடிக்க நேர்ந்திருக்காது. அவர்மீது நடவடிக்கை தேவையில்லை. நிதியை நிறுத்தக் கூடாது. முதலிலேயே குறைத்துக் கொடுத்ததன் விளைவு இது.

"நீங்க போட்ட கையெழுத்து சார்," என்றாள் கமா. "அதை விட்டுடலாமே. யாரு கேக்கப் போறாங்க? பதினோரு மாசம்தான் இருக்கு."

"எழுது. அந்த இரண்டு செலவுகளையும் நீக்கப் பரிந்துரைத்தவன் நானே."

அவள் எழுதினாள். "காரணம் ஏதாவது போடணுமே. 'கோப்பின் விவரம் நினைவில் இல்லை'ன்னு போடட்டுமா?"

"வேண்டாம்." சல்லடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறந்துட்டேன்கிறது அந்தக் கூடத்துல இருக்கறவங்க வார்த்தை. அவங்களுக்கு அதுக்கு உரிமை இருக்கு. நான் மறக்கல. படிக்கவே இல்ல. அப்படியே போடு."

அறிக்கை நான்கு பக்கம் வந்தது.

---

நிதிக்குழு இரண்டு மணி நேரம் கூடியது. ஏழு பேர், நீள மேஜை. தலைவர் நான்காம் பக்கத்தைத் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"படிக்காமலா போட்டீங்க?"

"ஆமா."

அறையில் யாரோ தொண்டையைச் செருமினார். அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் எதிரே இருந்த தாள்களைக் கொஞ்ச நேரம் கவனமாகப் புரட்டினார்கள்.

தீர்ப்பு பிற்பகல் வந்தது. ஒரு வருடம் நீட்டிப்பு. புள்ளியியலாளர் பதவி உண்டு. ஸ்கேன் கருவி அடுத்த வருடம் பரிசீலிக்கப்படும். மாத்திரை ஆய்வு உடனே நிறுத்தம், துண்டுப் பிரசுரம் வாபஸ். துணைவர்கள் கூடத்தில் உட்காரலாம். கண்காணிப்பு அதிகாரியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும்.

சல்லடை மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கம் மகிழ்ச்சிக் குரல் எதுவும் கேட்கவில்லை.

"ஒரு வருஷம். சரி சார். பாதிக் கிணறு தாண்ட விட்டிருக்காங்க," என்றார் இயக்குநர். "முப்பதும் முப்பத்தொண்ணும் அதே ஜன்னல்கிட்டதான் உக்காந்திருக்காங்க. மக நாளைக்கு வராங்களாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு அந்தப் பன்னண்டு குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கேன். மாத்திரைல ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். அந்த மருமகப் பொண்ணும் வருவா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"தனியாவா சொல்லப் போறீங்க?"

"வேற யாரு இருக்கா?"

சல்லடை கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். விளக்கம் கேட்கும் குறிப்பு மேஜைக்கு வந்திருந்தது. அதன்மேல் ஒரு கனமான கோப்பைத் தூக்கி வைத்தார்.

"நானும் வரேன்," என்றார் தொலைபேசியில். "அவங்க கோபப்பட ஒரு ஆள் வேணும்ல. அரசாங்கத்தைத் திட்டினா கொஞ்சம் ஆறும்."

தொலைபேசியை வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கமா, சாயங்காலம் உனக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு சார்," என்றாள் கமா, செருப்பை மாட்டிக்கொண்டே.